வாங்குபவருக்கும் பொறுப்புண்டு! திராட்சைத் தோட்டங்களின் வரலாறு தரும் படிப்பினை



ஹலாலான பொருளை ஹலாலான பணத்தில் வாங்க வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. எடை குறைகிறதா, பொருளில் கலப்படம் இருக்கிறதா என்று பார்ப்பதிலும் நாம் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் அந்தப் பொருளை வயலில் பறித்தவருக்கும், கடையில் நாள் முழுதும் நின்று எடுத்துக் கொடுத்தவருக்கும் உரிய கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் இருந்தது. அதை மறைத்து விற்ற வியாபாரியை அவர்கள் கண்டித்தார்கள். தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற போதனையையும் மிம்பர்களிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறோம். இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. கூலி கிடைக்காத வியர்வையும் சரக்கின் அடியில் மறைந்துகிடக்கும் ஈரம்தானே? அதை விற்பவர் மறைக்கலாம். வாங்குபவர் பாராமல் இருக்கலாமா?

இக்கேள்விக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் நடந்த ஒரு போராட்டம் தெளிவான விடை தருகிறது. அது திராட்சை பறிக்கும் ஏழைத் தொழிலாளர்களின் போராட்டம். ஆனால் அதன் வெற்றி தோட்டத்தில் முடிவாகவில்லை. பல நூறு மைல்களுக்கு அப்பால், மளிகைக் கடைகளின் வாசலில் முடிவாயிற்று.

போராட்டத்தின் தொடக்கம்

1965-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், கோச்செல்லா பள்ளத்தாக்கில் திராட்சை பறித்த பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து மணிக்கு 1.40 டாலர் கூலி பெற்றனர். அறுவடை வடக்கு நோக்கி நகர்ந்தது. டெலானோ என்ற ஊருக்கு அவர்கள் வந்தபோது, அதே வேலைக்கு அங்கே குறைந்த கூலியே தரப்படும் என்று கூறப்பட்டது. பழம் ஒன்று, உழைப்பு ஒன்று. கூலி மட்டும் வேறு!

1965 செப்டம்பர் 8 அன்று அவர்கள் வேலையை நிறுத்தினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் லாரி இட்லியாங். இத்தொழிலாளர்களில் பலர் 1920-களிலும் 1930-களிலும் இளைஞர்களாக அமெரிக்காவுக்கு வந்தவர்கள். வெள்ளையினப் பெண்களை மணப்பதற்கு அன்றைய கலிஃபோர்னியச் சட்டம் அவர்களுக்குத் தடை விதித்திருந்தது. அதனால் திருமணமே இன்றி, முதலாளிகளுக்குச் சொந்தமான முகாம்களில் முதுமை எய்தியவர்கள் ஏராளம். வேலைநிறுத்தம் தொடங்கியதும் அம்முகாம்களில் தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. முதியவர்களின் மூட்டை முடிச்சுகள் வெளியே வீசப்பட்டன.

தோட்ட முதலாளிகளிடம் ஒரு பழைய தந்திரம் இருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டவர் வேலையை நிறுத்தினால் மெக்சிகோ நாட்டவரை இறக்குவார்கள். இவர்கள் நிறுத்தினால் அவர்களை இறக்குவார்கள். ஒரு சாராரின் பசியைக் கொண்டு மறு சாராரின் உரிமையை முறிப்பது அவர்களது வாடிக்கை. இதை அறிந்திருந்த இட்லியாங், மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களின் சங்கத்தை அணுகினார். அச்சங்கத்தை நடத்தியவர்கள் சீசர் சாவேஸும் டொலோரெஸ் ஹுவெர்ட்டாவும் ஆவர். செப்டம்பர் 16 அன்று டெலானோவின் தேவாலயக் கூடம் ஒன்றில் கூடிய அச்சங்கத்தினர், வேலைநிறுத்தத்தில் இணைவது என்று முடிவெடுத்தனர். மறு ஆண்டில் இரு சங்கங்களும் ஒன்றாயின. பிரித்தாளும் தந்திரம் அத்துடன் வலுவிழந்தது.

சட்டம் கைவிட்ட மக்கள்

எனினும், ஒற்றுமை மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. ஏன்?

அமெரிக்கத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்து முதலாளியுடன் பேச்சு நடத்தும் உரிமையை 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருந்தது. ஆலைத் தொழிலாளி அதன் பாதுகாப்பைப் பெற்றார். விவசாயத் தொழிலாளியோ அதிலிருந்து வெளிப்படையாகவே விலக்கப்பட்டார். சங்கத்தை முதலாளி ஏற்க மறுத்தால் முறையிடுவதற்கு அவருக்கு இடமில்லை; பேச்சுக்கு வருமாறு முதலாளியைக் கட்டாயப்படுத்தவும் வழியில்லை. வேலைநிறுத்தம் செய்தவர்களின் இடத்தில் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அறுவடையை முடித்துவிடுவது முதலாளிகளுக்கு எளிதாயிற்று.

ஆனால் இறைவன் ஒரு கதவு அடைபடும்போது வேறொரு கதவைத் திறந்துவிடுகிறான் அன்றோ! 1947-ஆம் ஆண்டு வந்த மற்றொரு சட்டம், தகராறில் நேரடித் தொடர்பில்லாத மூன்றாம் தரப்புக் கடைகளைப் புறக்கணிக்குமாறு தூண்டுவதற்குத் தொழிற்சங்கங்களுக்குத் தடை விதித்திருந்தது. விவசாயத் தொழிலாளரை முதல் சட்டம் விலக்கி வைத்திருந்ததால், இந்தத் தடையும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. எந்த விலக்கு அவர்களை ஏழைகளாக்கியதோ, அதே விலக்கு அவர்கள் கையில் ஓர் ஆயுதத்தையும் கொடுத்தது. பொதுமக்களிடம் நேரில் சென்று, “இந்தத் திராட்சையை வாங்காதீர்கள், இதை விற்கும் கடைக்கும் செல்லாதீர்கள்” என்று அவர்கள் தடையின்றிக் கூற முடிந்தது.

பழத்திலிருந்து கடைக்கு

முதலில் ஒரே ஒரு நிறுவனத்தின் திராட்சையைத்தான் புறக்கணிக்கச் சொன்னார்கள். அது ஜியுமாரா என்ற பெரும் தோட்ட நிறுவனம். அந்நிறுவனமோ பிற தோட்டங்களின் முத்திரைகளை ஒட்டித் தன் பெட்டிகளை அனுப்பியது. எது எவருடைய பழம் என்று வாங்குபவருக்குத் தெரியாமற் போயிற்று. ஆகவே 1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் உண்ணும் திராட்சை முழுவதையும் புறக்கணிக்குமாறு சங்கம் அறைகூவல் விடுத்தது.

அக்குளிர்காலத்தில் டெலானோவிலிருந்து ஒரு பேருந்து நிறையத் தோட்டத் தொழிலாளர்கள் நியூயார்க் நகருக்குப் புறப்பட்டார்கள். அங்கே புறக்கணிப்புக்குத் தலைமையேற்றவர் டொலோரெஸ் ஹுவெர்ட்டா. சிகாகோவுக்கு எலிசியோ மெடினா என்ற இளைஞர் அனுப்பப்பட்டார். கனடாவிலும் இப்பணி நடந்தது. பிரிட்டனில் துறைமுகத் தொழிலாளர்கள் கலிஃபோர்னியத் திராட்சையைக் கப்பலிலிருந்து இறக்க மறுத்தார்கள்.

வாசலில் நின்ற அவர்கள் அனுபவத்தில் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள். “திராட்சை வாங்காதீர்கள்” என்று கூறினால் கடைக்காரருக்குப் பெரிய இழப்பில்லை. அவருடைய கடையில் உள்ள ஆயிரக்கணக்கான சரக்குகளில் திராட்சை ஒன்று. அது சற்றுக் குறைவாக விற்கும், அவ்வளவுதான். “இக்கடை திராட்சையை அகற்றும்வரை உங்கள் மளிகை முழுவதையும் வேறு கடையில் வாங்குங்கள்” என்று கூறும்போது கணக்கு மாறிவிடுகிறது. அரிசி, பால், ரொட்டி, சோப்பு என அனைத்தும் அடுத்த தெருக் கடைக்குப் போகின்றன. மளிகை வியாபாரத்தில் இலாப விகிதம் மிகச் சிறியது என்பதை வியாபாரிகளான நம் வாசகர்கள் நன்கறிவார்கள். நூற்றுக்கு ஐந்து வாடிக்கையாளர் திரும்பிச் சென்றாலும் அந்த மாத இலாபம் ஆட்டம் காணும். ஒரு கூடைப் பழத்துக்காக அதை இழக்க எந்த மேலாளர் துணிவார்?

இவ்வாறு ஊர் ஊராகக் கடைகள் திராட்சையை அகற்றத் தொடங்கின. சில பெருங்கடைகள் பணியவில்லை. மேற்கு மாநிலங்களில் பரவியிருந்த சேஃப்வே நிறுவனம் அவற்றுள் முதன்மையானது. மாநில ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் புறக்கணிப்பைக் கடுமையாக எதிர்த்தார். வியட்நாமில் இருந்த படையினருக்கென அமெரிக்கப் பாதுகாப்புத்துறை வாங்கிய திராட்சையின் அளவு கூடியது. அரசும் செல்வமும் ஒருபுறம் நின்றன. மறுபுறம் நின்றவர்கள் யார்? கையில் கூடையுடன் கடைக்கு வந்த இல்லத்தரசிகள், மாணவர்கள், ஓய்வூதியம் பெறும் முதியவர்கள்!

1970-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கோச்செல்லாவில் சில தோட்ட முதலாளிகள் சங்கத்துடன் ஒப்பந்தம் செய்தனர். அவர்களுடைய பெட்டிகளில் சங்கத்தின் கரும்பருந்து முத்திரை ஒட்டப்பட்டது. அப்பெட்டிகள் முத்திரையற்ற பெட்டிகளைவிடக் கூடுதல் விலைக்கு விற்றன. நேர்மையாகக் கூலி கொடுத்தால் வியாபாரம் அழிந்துவிடும் என்று கூறியவர்களுக்குச் சந்தையே பதில் அளித்துவிட்டது.

அவ்வாண்டு ஜூலை 29 அன்று, டெலானோவில் ஜியுமாரா உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அடிப்படைக் கூலி மணிக்கு 1.80 டாலர் ஆயிற்று. பெட்டி ஒன்றுக்கு 20 சென்ட் தனி. தொழிலாளரின் மருத்துவ நிதிக்கு மணிக்கு 10 சென்ட் முதலாளி செலுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. டிடிடி உள்ளிட்ட கொடிய பூச்சிக்கொல்லிகளுக்கு ஒப்பந்தத்திலேயே தடை எழுதப்பட்டது. அமெரிக்க அரசு டிடிடியைத் தடை செய்தது 1972-இல். ஏழைத் தொழிலாளர் சங்கம் அதை ஈராண்டுகளுக்கு முன்பே செய்து முடித்தது. பறிப்பவரின் உடலைக் காத்த விதி, உண்பவரின் உடலையும் காத்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

யெமன் நாட்டு இளைஞர்

அன்பிற்குரியவர்களே! இந்த வரலாற்றில் நம் உள்ளத்தை உலுக்கும் ஒரு பக்கம் உண்டு.

அக்காலத்தில் கலிஃபோர்னியத் தோட்டங்களில் யெமன் நாட்டு முஸ்லிம்களும் வேலை செய்தனர். ஊரில் உள்ள குடும்பத்துக்குப் பணம் அனுப்புவதற்காகக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கவா வேண்டும்? அவர்களுள் ஒருவர் நாஜி ளைஃபுல்லாஹ். அமெரிக்க ஏடுகள் அவரை நாகி தைஃபல்லா என்று எழுதின. ளைஃபுல்லாஹ் என்றால் இறைவனின் விருந்தாளி என்பது பொருள். மெலிந்த சிறிய உருவம் கொண்ட அவருக்கு வயது 24. ஆங்கிலம் கற்றுக்கொண்டு, அரபு பேசும் தொழிலாளர்களுக்கும் சங்கத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக விளங்கினார்.

1970-இல் எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் 1973-இல் காலாவதியாயின. முதலாளிகளில் பெரும்பாலோர், தொழிலாளர்களின் விருப்பத்தைக் கேளாமலே, தமக்கு இணக்கமான வேறொரு சங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மீண்டும் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு, லமாண்ட் என்ற ஊரில், காவலர் ஒருவர் கனத்த கைவிளக்கால் தலையில் அடித்ததில் நாஜி வீழ்ந்தார். ஆகஸ்ட் 15 அன்று அவர் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மறுநாள் ஹுவான் டெ லா குரூஸ் என்ற முதிய தொழிலாளி மறியல் களத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நாஜியின் சவப்பெட்டியின் பின்னே ஆயிரக்கணக்கானோர் டெலானோவில் நடந்து சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் வேறு மதத்தினர், வேறு மொழியினர், வேறு நாட்டினர். பின்னர் அவருடைய உடல் யெமனுக்கு அனுப்பிவைக்கப்பட்டது. பணம் வந்துகொண்டிருந்த வீட்டுக்கு மகனின் ஜனாஸா வந்து சேர்ந்தது.

ஒரு கொத்துத் திராட்சையின் விலைச்சீட்டில் இவையெல்லாம் எழுதப்பட்டிருக்குமா?

இரண்டாம் புறக்கணிப்பும் மூன்றாம் புறக்கணிப்பும்

அத்துயரத்துக்குப் பின் சங்கம் மீண்டும் கடை வாசல்களுக்கே திரும்பியது. 1975-இல் நடந்த ஒரு கருத்துக் கணிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் அமெரிக்கர்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். அதே ஆண்டில் கலிஃபோர்னியா மாநிலம், விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கவும், எச்சங்கம் வேண்டும் என்பதை இரகசிய வாக்கெடுப்பில் தீர்மானிக்கவும் உரிமை தரும் சட்டத்தை இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் கைவிட்டதை ஒரு மாநிலச் சட்டம் அளித்தது.

வரலாற்றை எழுதும்போது வெற்றியை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. 1984-இல் மூன்றாவது முறையாகப் புறக்கணிப்பு அறிவிக்கப்பட்டது. அது 2000-ஆம் ஆண்டு வரை, பதினாறு ஆண்டுகள் நீடித்தும் முந்தையவற்றின் வலிமையைப் பெறவில்லை. தோட்டங்களில் சங்கத்தின் வேர் அப்போது மெலிந்துவிட்டிருந்தது. தொழிலாளி ஒன்றுபட்டு நின்று “எமக்கு இன்னது வேண்டும்” என்று கூறும்போதுதான் வாங்குபவரின் ஆதரவு அவருக்குப் பயன்படுகிறது. தொழிலாளியின் குரல் இல்லாத இடத்தில், வாங்குபவரின் நல்லெண்ணம் மட்டும் தனியே எதையும் சாதிப்பதில்லை.

இப்படிப்பினையை உணர்ந்தவர்கள் ஃபுளோரிடா மாநிலத்தின் இம்மோகலி ஊரைச் சேர்ந்த தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள். அவர்கள் 2001-இல் டாக்கோ பெல் என்ற உணவக நிறுவனத்துக்கு எதிராகப் புறக்கணிப்பைத் தொடங்கி 2005-இல் வென்றார்கள். அவர்கள் கேட்டது என்ன? ஒரு பவுண்டு தக்காளிக்கு ஒரே ஒரு சென்ட் கூடுதல் விலை. அது பறிப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். அத்துடன் தொழிலாளர் உரிமைகளை மீறும் தோட்டத்திலிருந்து தக்காளி வாங்குவதில்லை என்ற உறுதிமொழி. பின்னர் ஹோல் ஃபுட்ஸ் 2008-இலும், டிரேடர் ஜோஸ் 2012-இலும், வால்மார்ட் 2014-இலும் இவ்வேற்பாட்டில் இணைந்தன. விதிகளை வகுத்ததிலும் கண்காணிப்பதிலும் தொழிலாளர்களுக்கே பங்கிருந்தது என்பதுதான் இதன் சிறப்பு.

கடைக்குள் நிற்பவர்கள்

இதுவரை வயலில் உழைப்பவரைப் பற்றிப் பேசினோம். கடைக்குள் நமக்கு எதிரே நிற்பவரின் நிலை என்ன? இக்கேள்வி நம்மை அமெரிக்காவிலிருந்து நம் அண்டை மாநிலத்துக்கு அழைத்து வருகிறது.

கேரளத்தின் கோழிக்கோட்டில், கடைகளில் வேலை செய்த பெண்கள் காலை முதல் இரவு வரை உட்கார அனுமதியின்றி நின்றார்கள். கழிப்பறை வசதி இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். தையல் தொழிலாளியான பி. விஜி அவர்களின் தலைமையில் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு இதற்காகப் பல ஆண்டுகள் போராடியது. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடைத் தொழிலாளர்களுக்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்கு ஏற்ற இருக்கை ஒவ்வொரு தொழிலாளிக்கும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

சட்டம் வந்துவிட்டது. இருக்கை வந்துவிட்டதா? அதைப் பார்க்க ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வரலாம். வாங்குபவராகிய நாமோ வாரந்தோறும் அக்கடைக்குள் செல்கிறோம்!

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பார்க்க வேண்டும். நாம் மளிகை வாங்கும் கடையில் தொழிலாளிக்கு ஒரு முக்காலியாவது உண்டா? வார விடுமுறை உண்டா? பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை மூட்டை தூக்குகிறதா? இவை கண்ணுக்குத் தெரிபவை. கையைக் குவியலுக்குள் நுழைக்கும் சிரமம்கூட இல்லாதவை.

இரண்டாவதாக, தீர விசாரிக்க வேண்டும். கேள்விப்பட்ட செய்தியை ஆராயாமல் பரப்பி ஒரு நேர்மையான வியாபாரியின் பெயரைக் கெடுத்தால் அதுவும் அநீதியே. தொழிலாளியிடம் முதலாளியின் எதிரில் கேட்டு அவருடைய வேலைக்கு உலை வைத்துவிடவும் கூடாது.

மூன்றாவதாக, சேர்ந்து செயல்பட வேண்டும். ஒருவர் கடை மாறினால் எவருக்கும் தெரியாது. ஒரு மஹல்லாவின் நாற்பது குடும்பங்கள் கடைக்காரரைக் கண்ணியமாகச் சந்தித்து, “உங்கள் ஆட்களுக்கு உட்கார இடம் கொடுங்கள், நாங்கள் உங்களிடமே தொடர்ந்து வாங்குகிறோம்” என்று கூறினால் அச்சொல்லுக்கு எடை உண்டு. விலகிச் செல்வது மட்டும் வழியன்று. நன்றாக நடத்தும் கடையைத் தேடிச் சென்று ஆதரிப்பதும் வழிதான்.

ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். மாதக் கடைசியில் ஒரு ரூபாய் குறைவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடி அலையும் ஏழையின் மீது இப்பொறுப்பைச் சுமத்துவது நியாயமன்று. எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் செல்லும் வசதியை இறைவன் யாருக்குக் கொடுத்தானோ, அவர்களிடமே முதலில் இதைப் பற்றி வினவப்படும்.

கடை நடத்தும் சகோதரர்களே! இப்பத்திரிகையின் வாசகர்களில் உங்கள் எண்ணிக்கை சிறிதன்று. உங்கள் கடையில் வேலை செய்யும் பிள்ளை, எங்கோ ஒரு தாயின் நம்பிக்கை. அவருக்கு ஓர் இருக்கையும், நேரத்துக்கு உணவும், சொன்ன தேதியில் சம்பளமும் கொடுங்கள். வாடிக்கையாளர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

உழைப்பவரின் உரிமையை அறிந்து கொடுப்பவர்களாகவும், அறிந்து வாங்குபவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.